அஞ்சாம் கிளாஸ் டீச்சருக்குத் தெரிஞ்சது ஆறாம் கிளாஸ் டீச்சருக்கும் தெரியணும்

வாசகர் கேள்வி – பதில்

இந்த தடவை வந்த கடிதங்கள்ல நிறைய பேர் ஒரே கவலையைத் தான் எழுதியிருக்கீங்க. ஜூன்ல பள்ளிக்கூடம் மாறணும், பிள்ளைக்கு ஆட்டிசம் இருக்கு, நடக்க முடியாது, எழுத்து வரல, காது கேக்காது, புது இடத்துல என்ன பாடு படப்போகுதோனு. அதனால இந்தப் பக்கம் முழுக்க அதுக்கே குடுத்துட்டேன்.

கேள்வி: என் பையனுக்கு ஆட்டிசம். எங்க ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளில அஞ்சாவது படிக்கிறான். ரெண்டே டீச்சர் தான், ரெண்டு பேரும் அவனை அவ்வளவு நல்லா பார்த்துக்கிட்டாங்க. ஆறாவதுக்கு டவுன்ல இருக்கிற அரசு மேல்நிலைப் பள்ளிக்குத் தான் போகணும். போய்க் கேட்டா, "சேர்த்துக்கிறோம்மா, ஆனா இத்தனை பிள்ளைங்க நடுவுல இவனை யார் பார்க்கிறது, ஸ்பெஷல் ஸ்கூல்ல போட்டுடுங்களேன்"ங்கறாங்க. எனக்கு ராத்திரி தூக்கமே வரல.
– ஒரு அம்மா, விருத்தாசலம் பக்கம்

அம்மா, முதல்ல சட்டத்தை சொல்லிடறேன், அது உங்களுக்கு தைரியம் குடுக்கும். 2016-ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தோட 16-வது பிரிவு, அரசு நடத்துற பள்ளியோ அரசு நிதியோ அங்கீகாரமோ வாங்கின பள்ளியோ எதுவா இருந்தாலும் குறைபாடு இருக்குங்கற காரணத்துக்காக ஒரு பிள்ளையை ஒதுக்கக் கூடாதுன்னு சொல்லுது. 31-வது பிரிவு இன்னும் தெளிவு. 40 சதவீதமும் அதுக்கு மேலயும் குறைபாடு இருக்கிற பிள்ளைக்கு 6 வயசுல இருந்து 18 வயசு வரைக்கும் பக்கத்துல இருக்கிற பள்ளியிலயோ, இல்ல சிறப்புப் பள்ளியிலயோ இலவசமா படிக்க உரிமை உண்டு, எதுன்னு முடிவு பண்றது உங்க பக்கம், ஹெச்.எம். பக்கம் இல்ல. சிறப்புப் பள்ளி தான் அவனுக்கு சரின்னு உங்களுக்கே தோணினா தாராளமா போங்க, அதுல குறைச்சல் ஒண்ணும் இல்ல. ஆனா யாரோ தட்டிக் கழிக்கிறாங்கன்னு போகாதீங்க.

சரி, சீட்டு கிடைச்சிடும். அதுக்கப்புறம் தான் நிஜமான வேலை இருக்கு, நிறைய வீடுகள்ல அங்க தான் கோட்டை விடறாங்க. ஆறாவதுல என்னென்ன மாறுதுன்னு ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க. இதுவரைக்கும் ஒரே ரூம், ஒரே டீச்சர், "எண்ணும் எழுத்தும்"ங்கற தொடக்கப் பள்ளித் திட்டத்துல பாட்டும் படமும் செயல்பாடுமா போய்க்கிட்டிருந்த வகுப்பு. இனிமே பீரியடுக்கு ஒரு டீச்சர், முக்கால் மணி நேரத்துக்கு ஒரு பெல்லு, பெரிய கிரவுண்ட், கூட்டமான ப்ரேயர், தன்னை விட ரெண்டு மடங்கு உயரமான ப்ளஸ் டூ அண்ணனுங்க. சாதாரண பிள்ளைக்கே முதல் வாரம் வயித்தைக் கலக்கும். இன்னொண்ணு, இதை யாரும் முன்கூட்டி சொல்ல மாட்டாங்க, காலை உணவுத் திட்டம் அஞ்சாவது வரைக்கும் தான். அவன் இத்தனை நாள் பள்ளிக்கூடத்துல உப்புமாவும் பொங்கலும் சாப்பிட்டுப் பழகியிருந்தா ஜூன்ல திடீர்னு அது நின்னு போகும், எட்டரை மணிக்கு சாப்பிடற பழக்கமே மாறும். ஆட்டிசம் இருக்கிற பிள்ளைக்கு இது சின்ன விஷயம் இல்ல. ஏப்ரல் லீவுலயே வீட்டுல சாப்பிட்டுட்டுக் கிளம்பற பழக்கத்தைக் கொண்டு வந்துடுங்க. மதிய சத்துணவு பத்தாவது வரைக்கும் உண்டு, அதுல கவலை இல்ல.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். உங்க பையனைப் பத்தின பேப்பர் எல்லாம் தானா புது ஸ்கூலுக்குப் போயிடும். எமிஸ் நம்பர், அதாவது கல்வித் துறை ஒவ்வொரு பிள்ளைக்கும் குடுக்கிற பதிவு எண், அதே தான், அவனுக்கு என்ன குறைபாடுன்னு அதுல பதிவாகியிருக்கும், டி.சி.யும் போகும். ஆனா அந்த ரெண்டு டீச்சரும் அஞ்சு வருஷத்துல அவனைப் பத்தித் தெரிஞ்சு வச்சிருக்காங்களே, அது எந்த எமிஸ்லயும் ஏறாது. பெல் அடிக்கிறதுக்கு முன்னாடி அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லிடணும், இல்லைனா காதைப் பொத்திக்கிட்டு ஓடிடுவான், இது மாதிரி விஷயம் எல்லாம் அவங்க மனசுல தான் இருக்கு. அதை எடுத்து ஆறாவது டீச்சர் கையில நீங்க தான் குடுக்கணும், வேற யாரும் குடுக்க மாட்டாங்க.

எப்படின்னா ஒரே ஒரு பக்கம் எழுதுங்க, அஞ்சாவது டீச்சர் கூட உக்காந்து எழுதுங்க. மெடிக்கல் ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்தா யாரும் படிக்க மாட்டாங்க. "கவனம் குறைவு, அடம் பிடிப்பான்"னு எழுதினா டீச்சருக்கு பயம் தான் வரும், என்ன பண்றதுன்னு தெரியாது. இப்படி எழுதுங்க: "பேரைச் சொல்லி, முன்னாடி நின்னு, ஒரு நேரத்துல ஒரு வேலை சொன்னா செய்வான். பின்னாடி இருந்து தொட்டா பயந்துடுவான். சத்தம் அதிகமானா கையை உதறுவான், அப்ப வராண்டால ரெண்டு நிமிஷம் நிக்க விட்டா தானா உள்ள வந்துடுவான். பாத்ரூம் போகணும்னா வாயால சொல்ல மாட்டான், சட்டை நுனியை இழுப்பான். பஸ் நம்பர், காலண்டர் தேதி எல்லாம் ரொம்பப் பிடிக்கும், அதை வச்சுப் பேச்சுக் குடுத்தா பக்கத்துல வருவான்." கீழ உங்க போன் நம்பர். அவ்வளவு போதும். கிளாஸ் டீச்சருக்கு மட்டும் குடுத்து நிறுத்தாதீங்க, ஒவ்வொரு சப்ஜெக்ட் டீச்சருக்கும் ஒரு காப்பி, பி.டி. சாருக்கு ஒண்ணு, சத்துணவு போடற அம்மா கிட்டயும் கேட்ல இருக்கிறவர் கிட்டயும் வாயாலயாவது சொல்லி வைங்க, ஏன்னா பிரச்சனை எப்பவுமே டீச்சர் இல்லாத நேரத்துல தான் வரும், ப்ரேயர்ல, சாப்பாட்டு வரிசையில, சாயங்காலம் விடற நேரத்துல.

அடுத்தது உங்க வட்டார வள மையம், பி.ஆர்.சி.ன்னு சொல்வாங்க. அங்க ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துல சிறப்பாசிரியர்கள் இருப்பாங்க, இயன்முறை மருத்துவர் இருப்பாங்க. உங்க தொடக்கப் பள்ளிக்கு இப்ப வர்ற சிறப்பாசிரியரைப் பிடிச்சு, புது ஸ்கூலும் அவங்க பார்க்கிறது தானா, இல்ல வேற ஆளான்னு கேளுங்க. வேற ஆளுன்னா இவங்களை விட்டு அவங்க கிட்ட பேசச் சொல்லுங்க. மார்ச்லயே ஹெச்.எம்., சிறப்பாசிரியர், நீங்க மூணு பேரும் ஒரு அரை மணி நேரம் உக்காந்துட்டா அந்த "யார் பார்க்கிறது"ங்கற கேள்விக்கு பாதி பதில் அங்கயே கிடைச்சிடும். அந்த ஹெச்.எம். கெட்டவர்னு நான் நினைக்கல, அவருக்கு இது எப்படி நடக்கும்னு யாரும் சொல்லலை, அவ்வளவு தான்.

லீவுல பையனை அங்க கூட்டிட்டுப் போங்க. முதல்ல யாரும் இல்லாதப்போ, அப்புறம் ஸ்கூல் திறந்திருக்கிற நாள்ல, அப்புறம் பெல் அடிக்கிற நேரத்துல. கேட்டு, வகுப்பு, தண்ணி டேங்க், கழிப்பறை எல்லாத்தையும் போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு தினமும் ராத்திரி ஒரு தடவை காட்டுங்க. கழிப்பறைல மட்டும் கூடுதல் நேரம் செலவழிங்க, கதவு தாழ்ப்பாள் எப்படி இருக்கு, அவனால போட்டு எடுக்க முடியுதான்னு பாருங்க, மாட்டிக்கிட்டா அன்னைக்கோட அந்த ஸ்கூலே வேணாம்னு உக்காந்துடுவான். உங்க ஊர்ல இருந்து அவன் கூட அஞ்சாவது முடிச்சு அங்க போற பசங்க யாரு யாருன்னு பார்த்து, அவங்கள்ல ஒருத்தனாவது அதே செக்ஷன்ல இருக்கிற மாதிரி கேட்டு வாங்குங்க. இது ஹெச்.எம். நினைச்சா ஒரு நிமிஷ வேலை.

முதல் மாசம் தூக்கம் கெடும், படுக்கைல ஒண்ணுக்கு போவான், நல்லா பேசிட்டிருந்த வார்த்தை நின்னு போகும், இதெல்லாம் நடக்கலாம். உடனே ஸ்கூலை மாத்திடணும்னு முடிவு பண்ணாதீங்க, கிளாஸ் டீச்சர் கிட்ட சொல்லி கொஞ்ச நாள் மதியத்தோட கூட்டிட்டு வரலாமான்னு கேட்டு மெதுவா நேரத்தைக் கூட்டுங்க.

கேள்வி: என் பொண்ணுக்கு அறிவுசார் குறைபாடு. அஞ்சாவது முடிக்கப் போறா, ஆனா இன்னும் எழுத்துக் கூட்டித் தான் படிக்கிறா. இன்னொரு வருஷம் அஞ்சாவதுலயே உக்கார வச்சா நல்லதா?
– ஒரு அப்பா, அரக்கோணம்

வேண்டாம் சார். நம்ம மாநிலத்துல எட்டாவது வரைக்கும் யாரையும் நிறுத்தி வைக்கிறது இல்ல. இன்னொரு வருஷம் உக்கார வச்சா அவ கூட வளர்ந்த பிள்ளைங்க எல்லாம் முன்னாடி போயிடும், இவ மட்டும் தன்னை விட சின்னப் பிள்ளைங்க நடுவுல வளர்ந்த பொண்ணா உக்காந்திருப்பா, அந்த சங்கடம் அவளுக்குப் புரியாதுன்னு நினைக்காதீங்க, நல்லாவே புரியும். படிப்புக்கு வயசைக் குறைக்கிறதை விட, அவளோட வயசு வகுப்புல உக்கார வச்சு படிப்பைக் குறைக்கிறது தான் சரி. மத்தவங்க பத்து வரி எழுதினா இவ ரெண்டு வரி, மத்தவங்க பின்னம் போட்டா இவ கடைல அம்பது ரூபாய் குடுத்து மீதி வாங்கற கணக்கு. சிறப்பாசிரியர் கிட்ட தனிநபர் கல்வித் திட்டம் போட்டுக் குடுக்கச் சொல்லிக் கேளுங்க, போன வருஷம் போட்டதையே காப்பி அடிக்காம, ஆறாவது பாடத்தை வச்சு புதுசா எழுதினதா இருக்கணும்.

கேள்வி: மகளுக்கு மூளை முடக்குவாதம், காலுக்குத் தாங்கலா காலிப்பர் போட்டு வாக்கர் பிடிச்சு நடப்பாள். நடுநிலைப் பள்ளில எட்டாவது வரை பிரச்சனை இல்லாம படிச்சுட்டா, நல்லா படிக்கிற பொண்ணு. ஒன்பதாவதுக்குப் போகப்போற ஸ்கூல்ல ஒன்பதாவது வகுப்புகள் எல்லாம் மாடில. கழிப்பறை கட்டடத்துக்குப் பின்னாடி தூரத்துல. வீட்டுல பாட்டி, "படிச்சது போதும், வீட்டுல இருக்கட்டும்"ங்கறாங்க.
– ஒரு அப்பா, திண்டுக்கல் மாவட்டம்

பாட்டி சொல்றது பயத்துல. அவங்க கிட்ட சண்டை போடாதீங்க, ஆனா பொண்ணை நிறுத்தாதீங்க. எட்டாவதோட நின்னு போற பொண்ணுங்கள்ல பல பேர் படிப்பு வராம நிக்கல, மாடிப்படியும் கழிப்பறையும் தான் நிறுத்துச்சு.

மாடி பிரச்சனைக்கு லிஃப்ட் வேணாம், சாய்தளம் கூட அப்புறம் வரட்டும். அவ இருக்கிற ஒன்பதாவது செக்ஷனை மட்டும் கீழ கொண்டு வந்து, கீழ இருக்கிற வேற ஒரு வகுப்பை மேல அனுப்பினா முடிஞ்சது. டைம் டேபிள் போடறதுக்கு முன்னாடி, அதாவது மே மாசத்துக்குள்ள, எழுத்துல ஒரு கடிதம் ஹெச்.எம்.க்குக் குடுத்து ஒப்புகை வாங்கிக்கோங்க. ஜூன் பத்தாம் தேதி போய்க் கேட்டா "எல்லாம் செட் ஆயிடுச்சு சார்"ம்பாங்க. அவளை மட்டும் கீழ ஏதாவது ரூம்ல தனியா உக்கார வச்சுட்டு நோட்ஸ் குடுத்து அனுப்பறேன்னு சொன்னா ஒத்துக்காதீங்க. லேபும் லைப்ரரியும் எங்க இருக்குன்னு இப்பவே பாருங்க, அறிவியல் செய்முறை வரும்போது "நீ வேடிக்கை பாரு"ன்னு ஓரத்துல நிறுத்திடுவாங்க, உயரம் குறைஞ்ச ஒரு மேஜை போட்டா அவளும் செய்வா.

கழிப்பறை விஷயத்தை நீங்க அப்பாவா கேக்கக் கூச்சப்படலாம், அம்மாவைக் கேக்கச் சொல்லுங்க. இந்தப் பிள்ளைங்க என்ன பண்ணுதுன்னா, கழிப்பறை போக வேண்டி வந்துடும்னு காலைல இருந்து தண்ணியே குடிக்காம இருக்குதுங்க. சாயங்காலம் வாட்டர் பாட்டிலைத் தூக்கிப் பாருங்க, கொண்டு போன தண்ணி அப்படியே இருந்தா அது தான் விஷயம். யூரின் இன்ஃபெக்ஷன் வந்து அடிக்கடி லீவு போடும், மாதவிலக்கு நாள்ல ஸ்கூலுக்கே போகாது, மார்க் குறையும், அப்புறம் "அவளுக்கு படிப்பு ஏறல"ன்னு பேர் வரும். மேற்கத்திய கோப்பை, பக்கத்துல பிடிச்சுக்க ஒரு கம்பி, வாக்கர் உள்ள போற அளவு கதவு, இவ்வளவு தான் கேக்கிறோம். பள்ளி மேலாண்மைக் குழுல இதை வைங்க. அந்தக் குழுல துணைத் தலைவர் இடத்துக்கு சிறப்புத் தேவை உள்ள பிள்ளையோட பெற்றோருக்கு முன்னுரிமை இருக்கு, அதனால நீங்களோ உங்க வீட்டம்மாவோ அந்த இடத்துக்கு வரப் பாருங்க, வெளிய நின்னு கேக்கறதுக்கும் உள்ள உக்காந்து தீர்மானம் போடறதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு. நடக்கலைனா திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல ஒரு மனு, அதோட காப்பி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு.

போக்குவரத்துப் படி, துணைக்கு வர்றவங்களுக்கான படி, பெண் குழந்தைகளுக்கான உதவித் தொகை எல்லாம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துல இருக்கு, அது மேல்நிலை வரைக்கும் உண்டு. பள்ளி மாறும்போது பழைய ஸ்கூல் பட்டியல்ல பேர் போய் புது ஸ்கூல் பட்டியல்ல ஏறாம விட்டுப் போகும். ஜூலைல பி.ஆர்.சி.ல போய் பேர் ஏறியிருக்கான்னு பார்த்துடுங்க. அவ வளர்ற வயசு, காலிப்பர் சைஸ் மாறியிருக்கும், மருத்துவ முகாம் வரும்போது அளவு எடுத்துப் புதுசு கேளுங்க.

கேள்வி: பையனுக்கு டிஸ்லெக்ஸியா. தனியார் மெட்ரிக் பள்ளில எட்டாவது. வாயால கேட்டா எல்லாம் சொல்றான், எழுதினா தப்பு. இப்ப கூப்பிட்டு, "பத்தாவது ரிசல்ட் பாதிக்கும், டி.சி. வாங்கிக்கோங்க, ஓப்பன் ஸ்கூல்ல எழுத வைங்க"ங்கறாங்க.
– ஒரு அம்மா, தாம்பரம்

டி.சி.க்கு நீங்களா விண்ணப்பம் எழுதிக் குடுக்காதீங்க. அவங்க முதல்ல கேக்கிறதே அந்த லெட்டரைத் தான், "சொந்தக் காரணங்களுக்காக"ன்னு நீங்க எழுதிட்டா அப்புறம் யார் கிட்டயும் போய் நிக்க முடியாது. அவங்க சொன்னதை எழுத்துல தரச் சொல்லுங்க, பெரும்பாலும் தர மாட்டாங்க, அதுலயே பேச்சு இறங்கும். டிஸ்லெக்ஸியா சேர்ற குறிப்பிட்ட கற்றல் குறைபாடு 2016 சட்டத்துல சொல்லியிருக்கிற 21 வகைல ஒண்ணு, அங்கீகாரம் வாங்கின தனியார் பள்ளிக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். இறங்கி வரலைனா தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலர் கிட்டயும் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர் கிட்டயும் புகார் குடுக்கலாம்.

என்.ஐ.ஓ.எஸ்., அதாவது வீட்டுல இருந்தே படிச்சுப் பரீட்சை எழுதற தேசிய ஓப்பன் ஸ்கூல், மோசம் இல்ல, சில பிள்ளைங்களுக்கு அது தான் மூச்சு விட இடம் குடுக்கும். ஆனா பதிமூணு வயசுல நண்பர்களை விட்டுட்டு வீட்டுல உக்காரப் போறானா, இல்ல பக்கத்துல படிக்க வேற இடம் இருக்கான்னு பார்த்து நீங்களா எடுக்கிற முடிவா இருக்கட்டும்.

இப்ப செய்ய வேண்டியது சான்றிதழ். பத்தாவது பொதுத் தேர்வுல கூடுதலா ஒரு மணி நேரம், சொல்றதை எழுத ஒரு ஆள், ஒரு மொழிப்பாடத்துல விலக்கு, இந்தச் சலுகைகள் எல்லாம் தேர்வுத் துறைல இருக்கு. சி.பி.எஸ்.இ.லயும் மூணு மணி நேரப் பரீட்சைக்கு ஒரு மணி நேரம் கூட. அரசு மருத்துவர் சான்றும் யூ.டி.ஐ.டி.ங்கற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் ஒன்பதாவது ஆரம்பத்துலயே கையில இருக்கணும், ஏற்கனவே வாங்கியிருந்தா எந்தத் தேதி வரைக்கும் செல்லும்னு பாருங்க. பத்தாவது டிசம்பர்ல ஓடாதீங்க. அதை விட முக்கியம், எழுத ஆள் வச்சு பரீட்சை எழுதறது தானா வராது. யோசிச்சதை ஒழுங்கா வாய்விட்டு சொல்லணும், கமா எங்க, பாரா எங்கன்னு சொல்லணும், கணக்குல ஸ்டெப்பை சொல்லணும், முன்னப்பின்ன தெரியாத ஆள் பக்கத்துல உக்காந்திருப்பாங்க. அதனால ஒன்பதாவது காலாண்டுப் பரீட்சைல இருந்தே அப்படி எழுத வைக்கச் சொல்லிக் கேளுங்க, வீட்டுலயும் அண்ணனோ அக்காவோ இருந்தா ஞாயித்துக்கிழமை அரை மணி நேரம் பழக்குங்க. மொழி விலக்கு வாங்கறதுக்கு முன்னாடி அவன் ப்ளஸ் ஒன்ல என்ன எடுக்கப்போறான், அதுக்கப்புறம் எங்க சேரப் பார்க்கிறான்னு பேசிட்டு வாங்குங்க, சலுகை இருக்குன்னு எல்லாத்தையும் எடுத்தே ஆகணும்னு இல்ல.

கேள்வி: நான் ஆறாம் வகுப்பு கிளாஸ் டீச்சர். 42 பிள்ளைங்க. இந்த வருஷம் காது கேளாத ஒரு பொண்ணு வரப்போறா, சின்ன வயசுல காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது காதுக்குள்ள கேட்கும் கருவி வைக்கிற ஆபரேஷன், செஞ்சிருக்காங்களாம். எனக்கு சைகை மொழி தெரியாது. எங்க இருந்து ஆரம்பிக்கிறது?
– ஓர் ஆசிரியை, புதுக்கோட்டை

டீச்சர், ஜூனுக்கு முன்னாடியே கேக்கிறீங்க பாருங்க, இதுலயே அந்தப் பொண்ணுக்கு பாதி பாரம் குறையும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல சின்னக் குழந்தைகளுக்கு இந்த ஆபரேஷன் செய்றதால அப்படிப்பட்ட பிள்ளைங்க இப்ப நிறைய பேர் உயர் வகுப்புக்கு வந்துக்கிட்டிருக்காங்க, இனிமே எல்லா ஸ்கூலுக்கும் வருவாங்க.

இம்ப்ளான்ட் இருந்தா நம்மள மாதிரியே கேக்கும்னு நினைச்சுடாதீங்க. அமைதியான ரூம்ல கேக்கும், ஆனா ஃபேன் ஓடுற, 42 பேர் பெஞ்சை இழுக்கிற ரூம்ல பாதி தான் போகும், மீதியை உங்க முகத்தைப் பார்த்து அவளே நிரப்பிக்குவா. அதனால போர்டைப் பார்த்துக்கிட்டு பாடம் சொல்லாதீங்க, எழுதி முடிச்சுட்டுத் திரும்பிப் பேசுங்க. ஜன்னலுக்கு முன்னாடி நிக்காதீங்க, வெளிச்சம் பின்னாடி இருந்தா உங்க முகம் கருப்பா தெரியும். ரெண்டாவது பெஞ்சு, ஒரு ஓரம், அங்க இருந்து கொஞ்சம் திரும்பினா மத்த பிள்ளைங்க பேசறதும் தெரியும். முதல் பெஞ்சு நடுவுல உக்கார வச்சா உங்களை மட்டும் தான் பார்க்க முடியும். யாராவது பதில் சொன்னா, யார் சொன்னாங்கன்னு கை காட்டிட்டு நீங்க ஒரு தடவை திருப்பிச் சொல்லுங்க. புதுப் பாடத்துல வர்ற புது வார்த்தைகளை, ஒளிச்சேர்க்கை, வகுபடும் தன்மை மாதிரி, முதல் நாளே அவ நோட்டுல எழுதிக் குடுத்துடுங்க, ஏன்னா இதுக்கு முன்னாடி பார்க்காத வார்த்தையை உதட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

"புரிஞ்சுதா"ன்னு கேட்டா தலையை ஆட்டுவா. எல்லாப் பிள்ளையும் ஆட்டும், இவ நிச்சயமா ஆட்டுவா. "நான் இப்ப என்ன சொன்னேன், சொல்லு"ன்னு கேளுங்க.

பேட்டரி தீர்ந்தா அவளுக்கு அன்னைக்கு பாடமே இல்ல, அதனால கூடுதல் பேட்டரி ஒரு செட் பையிலயே இருக்கான்னு காலைல பாருங்க, வெளியில மாட்டியிருக்கிற கருவியை விளையாடும்போது எங்க கழட்டி வைக்கணும்னு பி.டி. சாருக்கும் சொல்லிடுங்க. சிறப்பாசிரியர் கிட்ட பத்து இருபது சைகை கத்துக்கோங்க, வகுப்புக்கே சேர்த்துக் கத்துக்குடுங்க, பிள்ளைங்க உங்களை விட வேகமா பிடிச்சுக்கும். அப்புறம் அவளோட அஞ்சாவது டீச்சர் போன் நம்பரை அந்த அம்மா கிட்ட வாங்கி, நேரா ஒரு போன் போட்டுப் பேசிடுங்க.